மஞ்சள் பொட்டு வைத்த போல்ட்

“எங்க வீட்டுக்காரரு கழிவு ஆயில் ஊத்துத ஆளு இல்ல சார்.”

உள்ளே வந்த பெண் வணக்கம் சொல்லவில்லை, குடையை மடக்கவில்லை, உட்காரவும் இல்லை. எடுத்த எடுப்பில் அதைத்தான் சொன்னாள். குடையிலிருந்து சாரல் தண்ணீர் எங்கள் ஃபைல்கள் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

“நானும் நம்புதேன். குடைய மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் புடிங்க. நீங்க நனைக்கது மூணு மாப்பிள்ளைங்க வாழ்க்கைய,” என்றேன்.

சும்மா சொல்லவில்லை. தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ‘உமாசங்கர் துப்பறியும் நிலையம்’ என்று போர்டு பெரிதாகத் தொங்கினாலும், எங்களுக்கு வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். துபாயில் மேனேஜர் என்று சொன்னவன் நிஜமாகவே மேனேஜர்தானா, முதல் கல்யாணம் எதுவும் ஒளிந்திருக்கிறதா, அவ்வளவுதான் எங்கள் துப்பு. உமாசங்கர் சார் போலீஸில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் மாஜிதா, அவருடைய உதவியாளர். “வீட்டுக்காரன் சார்ஜாவுல, வாய் ஊரு பூரா” என்று என் உம்மா என்னைப் பற்றிச் சொல்வாள். அதில் தப்பொன்றும் இல்லை.

வந்தவள் பெயர் அனுசியா. மேலகரத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் வேல்ராஜின் மனைவி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

கிதிர் முகம்மது பாயிடம் ஒரு பழைய பெட்ரோல் ஆம்னி இருக்கிறது. சீசன் வந்துவிட்டால் குளிக்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அருவிக்கு அருவி ஓட்டுவார். சீசனுக்கு முன்னால் அந்த வண்டிக்கு ஆயில் மாற்றிக் கொடுத்தவன் வேல்ராஜ். நேற்று ஐந்தருவி ஏற்றத்தில் ஆட்களோடு வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் ஜாம். மற்ற டிரைவர்கள் கயிறு கட்டி வேல்ராஜ் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் கிதிர் பாய் வாயைத் திறந்தார்.

“‘புது ஆயிலுக்குக் காச வாங்கிட்டு கழிவு ஆயில ஊத்திட்டாம்லே’ன்னு சொல்லிட்டாரு சார்.”

“வேல்ராஜ் என்ன பதில் சொன்னாரு?” என்று சார் கேட்டார்.

“அதான் சார் எனக்கு வெளங்கல. ஒண்ணுமே சொல்லல. தலயக் குனிஞ்சுட்டு நின்னாரு. எங்கிட்டகூட முகம் குடுத்துப் பேச மாட்டேங்காரு. சாயங்காலம் வேன் ஸ்டாண்டுல கூட்டம் போடுதாங்க. இனி எந்த வண்டியும் அவரு ஷெட்டுக்குப் போகக்கூடாதுன்னு முடிவு பண்ணப் போறாங்களாம். அந்தப் பேரு வந்துட்டுன்னா, பெறகு எவன் சார் எங்க வாசல்ல வண்டிய நிறுத்துவான்?”

சார் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். மாப்பிள்ளைகளை ஃபேனுக்கு அடியில் காயப் போட்டுவிட்டு நானும் இறங்கினேன்.

* * *

ஷெட்டின் ஓரத்தில் ஆம்னி நின்றது. ஒரு டயர் மேல் வேல்ராஜ் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்து எழுந்தானே தவிர, நிமிர்ந்து பார்க்கவில்லை. கழிவு ஆயில் ஊற்றினாய் என்று சொன்னால் ஒரு மெக்கானிக்குக் கோபம் வரவேண்டும். இவன் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, வெட்கம். அது எனக்குப் பிடிக்கவில்லை.

சார் எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவினார். அடி நுனியில் கொஞ்சம்போல ஆயில் ஒட்டியிருந்தது. அதை விரல்களுக்கு இடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“நீ என்ன கிரேடு ஊத்துன?”

“இருபது ஐம்பது சார்.”

“இது அது இல்ல. கழிவு ஆயிலும் இல்ல. தண்ணி மாதிரி ஓடுது பாரு.”

“சார், எனக்குப் புரியுத மாதிரி ஒரு தடவ,” என்றேன்.

“பழைய எஞ்சின்ல உள்ள எல்லாம் தேஞ்சு இடைவெளி விழுந்திருக்கும் மாஜிதா. கெட்டியான ஆயில்தான் அந்த இடைவெளியில தங்கும். இருபது ஐம்பது கெட்டி. இந்த மாதிரி மெல்லிசான ஆயில ஊத்துனா, தங்காம மேல ஏறிப் புகையா எரிஞ்சு போயிரும். ஆயில் கொறையக் கொறைய இரும்பும் இரும்பும் உரசி, கடைசில ஜாம் ஆயிரும்.”

“அப்ப இது மட்டமான ஆயிலா?”

“யாரு சொன்னா? வெல கூடுன ஆயில். புது வண்டிக்கு அமிர்தம்.”

“மாப்பிள்ள தங்கம், ஆனா இந்தப் பொண்ணுக்கு ஆகாது. அவ்வளவுதானே? இது நம்ம தொழில்தான் சார்.”

சார் சிரிக்கவில்லை. ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்கச் சொல்லி என்னையும் குனிய வைத்தார். ஆயில் சேம்பரின் அடியில், ஆயிலைத் திறந்து விடுகிற போல்ட்டில் மஞ்சள் பெயிண்ட் தெரிந்தது.

“இது என்ன வேல்ராஜ்?”

“ஆயில் மாத்துனா நா ஒரு பொட்டு வைப்பேன் சார். பாதி போல்ட்டு மேல, பாதி சேம்பர் மேல. வேற எவனும் கழத்துனா தெரிஞ்சிரும்லா.”

தெரிந்தது. சேம்பரில் இருந்த அரைப்பொட்டு ஒரு பக்கம், போல்ட்டில் இருந்த அரைப்பொட்டு வேறு பக்கம். போதாக்குறைக்கு போல்ட்டின் முனைகள் எல்லாம் மழுங்கி, பல் பல்லாகக் கடிபட்டிருந்தன.

“குழாய் திருகுத பைப் ரிஞ்சு கடி,” என்றார் சார். “உனக்குப் பெறகு யாரோ கழத்தி, உன் ஆயில வடிச்சிட்டு வேறத ஊத்தியிருக்கான். இத நேத்தே எல்லாருக்கும் காட்டியிருக்கலாம்லா?”

வேல்ராஜ் போல்ட்டைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பினான். அந்த நேரம் பார்த்து அவன் செல்போன் அடித்தது. பார்த்தான், பதறினான், கட் செய்து பைக்குள் போட்டான்.

“யாரு?”

“சும்மா... சிம் கம்பெனிக்காரன் சார்.”

எனக்குக் கண் நல்ல கண். திரையில் தெரிந்த நம்பர் ஒன்பது ஏழு ஒன்றில் தொடங்கியது. என் வீட்டுக்காரர் நம்பரும் அப்படித்தான் தொடங்கும். வெளியே வந்ததும் சாரிடம் சொன்னேன்.

“இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அந்த நாட்டுல இருந்துதான் போன் வருது. அத விடு,” என்றார் சார். “இந்த மாதிரி கேஸ்ல ஒரே கேள்விதான். யாருக்கு லாபம்?”

கேள்வி ஷெட் வாசலில் நின்றிருந்த அனுசியாவின் காதில் விழுந்துவிட்டது. தயங்கித் தயங்கிச் சொன்னாள். குற்றாலத்தில் ஷெட் வைத்திருக்கும் விஜயசங்கர் நேற்றே ஸ்டாண்டுக்கு வந்து, ‘இனி வண்டிய எங்கிட்ட விடுங்க’ என்று டிரைவர்களிடம் சொன்னானாம்.

சாரின் மீசை நிமிர்ந்தது. அந்த மீசை நிமிர்ந்தால் ஏதோ வம்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

* * *

குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. விஜயசங்கரின் ஷெட் பெரிய அருவிக்குப் போகிற வழியில் இருந்தது. வாசலில் துண்டோடு நின்றவர்கள், தலை வழிய எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடந்தவர்கள், நேந்திரங்காய் சிப்ஸ் கொறித்தவர்கள் என்று ஒரு திருவிழாவே இருந்தது.

“சார், உள்ள கூப்பிட்டு மெதுவாக் கேப்போம்,” என்றேன்.

சார் கேட்கவில்லை. நடுவாசலில் நின்று போலீஸ் குரலை எடுத்தார். “விஜயசங்கர்! கிதிர் பாய் வண்டியில ஆயில மாத்துனது நீதான்னு ஒத்துக்கிடுதியா, இல்ல நா நிரூபிக்கட்டுமா?”

சிப்ஸ் பாக்கெட்டுகள் பாதியில் நின்றன. விஜயசங்கர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“என்ன அண்ணாச்சி சொல்லுதிய?”

“உன் பைப் ரிஞ்ச எடு. போல்ட்டுல அதோட பல்லு பதிஞ்சிருக்கு.”

விஜயசங்கர் துடைத்த துணியைத் தோளில் போட்டான். பிறகு சுவரைக் காட்டினான். ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் தொங்கின.

“அந்தப் போல்ட்டுக்குரிய ஸ்பேனரு அந்தா தொங்குது. அத விட்டுட்டு, தண்ணிக் குழாய் திருகுத ரிஞ்ச வச்சு எந்த மெக்கானிக்காவது போல்ட்டக் கடிப்பானா அண்ணாச்சி? கெடுதல் செய்யணும்னு நெனச்சாலும் கை பழக்கப்படிதான போகும்? அது மெக்கானிக் கை இல்ல. வீட்டுல மோட்டார் ரிப்பேரு பாக்குதவன் கை.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எண்ணெய்த் தலைக்காரர் ஒருவர், “துப்பறியும் புலி போலுக்கு,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

“வேல்ராஜுக்கு வந்த பேரு எனக்கும் ஒருநா வரும். வண்டிய எங்கிட்ட விடுங்கன்னு சொன்னது தொழிலு. அதுக்காவ எம்மேல பழியப் போடுவியளா?” என்றான் விஜயசங்கர். அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சாரின் மீசை இறங்கியது. திரும்பி நடந்து ஸ்கூட்டரை உதைத்தார். வழி நெடுக அவர் காது மடல் சிவந்தே இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு எத்தனையோ கேலி நாக்கு நுனியில் வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. அவருக்காக எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

இலஞ்சி தாண்டியதும் அவரே பேசினார். “மெக்கானிக் இல்ல. வீட்டுல பைப் ரிஞ்சு வச்சிருக்கவன். சரி, சர்வீஸுக்குப் பெறகு வண்டி எங்க நின்னுச்சு?”

“கிதிர் மாமா வீட்டு வாசல்ல,” என்றேன். கிதிர் பாய் எனக்கு மாமா முறை.

ஸ்கூட்டர் தானாகவே அந்தத் தெருவுக்குத் திரும்பியது போல இருந்தது.

* * *

கிதிர் மாமாவின் மனைவி மெஹர் பானு மாமி வாசலுக்கு வந்தார்.

“ஏட்டி மாஜிதா, நனைஞ்சுட்டியே! சேறோட வராத, காலக் கழுவிட்டு வா. தண்ணி அங்கன இருக்கு.”

வாசல் ஓரத் தொட்டியில் ஒரு டப்பா மிதந்தது. மேல் பாகத்தை அறுத்து, கைப்பிடியை மட்டும் விட்டு, தண்ணீர் கோருவதற்கு வாகாகச் செய்திருந்தார்கள். கையில் எடுத்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சபுராளி வீடுகளில், அதாவது ஆம்பளைகள் வெளிநாட்டில் சம்பாதிக்கிற வீடுகளில், ஒரு பழக்கம் உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து வந்த எந்த டப்பாவையும் தூக்கிப் போட மாட்டோம். பால்பவுடர் டின்னில் அரிசி இருக்கும், பிஸ்கட் டின்னில் நூல்கண்டு இருக்கும். அனுப்பியவன் கை பட்ட பொருள் இல்லையா? என் வீட்டிலும் அப்படித்தான். இந்தக் கைப்பிடி டப்பாவின் பக்கவாட்டில் அரபி எழுத்தும், ஒரு காரின் படமும் இருந்தன. கீழே ‘ஜீரோ டபிள்யூ இருபது’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

காலைக் கழுவாமலே டப்பாவோடு உள்ளே போனேன். சாரிடம் நீட்டினேன். அவர் படித்தார். “அந்த மெல்லிசு ஆயில் இதான்,” என்றார். எதிர் நாற்காலியில் இருந்த கிதிர் மாமாவும் அதைப் பார்த்தார். தாடி வைத்த பெரிய மனிதர், ஸ்டாண்டில் சண்டை என்றால் தீர்த்து வைக்கப் போகிறவர். அப்படியே முகம் சுருங்கிப் போனார்.

“எம்மவன் முஃபீத் கார்கோவுல போட்டு விட்டான்,” என்றார் மெதுவாக. “வீட்டுக்கு எல்லாம் அனுப்புவான். எனக்குன்னு தனியா ஒண்ணு அனுப்புனது இதான் மொதல் தடவ. ‘வாப்பா, இங்க பெரிய பெரிய காருக்கெல்லாம் இதான் ஊத்துதாங்க’ன்னு சொன்னான். வேல்ராஜ்கிட்டக் கேட்டா, போன வாரந்தான மாத்துனோம், வேண்டாம்னு சொல்லிருவான்னு நெனச்சேன். மோட்டாருக்கு வச்சிருந்த ரிஞ்ச எடுத்து நானே கழத்துனேன்.”

“வண்டி பொகைஞ்சிருக்குமே பாய்? சிவப்பு லைட்டு எரிஞ்சிருக்குமே?” என்றார் சார்.

“எரிஞ்சுச்சு. சவாரி இருந்துச்சு. பெறகு பாப்போம்னு விட்டுட்டேன்.” அவர் தாடியைத் தடவினார். “ஷெட்டுல வச்சு டிரைவருங்க எல்லாம், என்ன ஆயில் பாய், என்ன ஆயில் பாய்னு கேட்டாங்க. எம்மவன் அனுப்புனதுன்னு சொன்னா அவனயில்லா சிரிப்பாங்க? என் வாய் ‘வேல்ராஜ்’னு சொல்லிட்டு. சொன்ன வார்த்தய எப்பிடி உள்ள இழுக்க? ராத்திரி பூரா ஒறங்கல.”

உள்வாசலில் தேநீர்த் தட்டோடு மாமி நின்றிருந்தார். தட்டை அப்படியே தரையில் வைத்தார்.

“அந்தப் பய நம்ம முஃபீதோட பள்ளிக்கூடம் போனவன். இந்த வீட்டுல சோறு தின்னவன். அவன் மேலயா சொன்னிய?” என்றார். “அதுவும் தெரியாம அந்த டப்பாவ நாந்தான் அறுத்தேன். இனி அனுசியா முகத்துல எப்பிடி முழிப்பேன்?”

சார் எழுந்தார். காலையில் கேட்ட போலீஸ் குரல் இப்போது இல்லை.

“நா ஸ்டாண்டுல வந்து ஒண்ணும் சொல்ல மாட்டேன் பாய். நீங்க வந்து சொன்னா அது வேற. கூட்டம் சாயங்காலம்.”

* * *

வேன் ஸ்டாண்டில் டிரைவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். வேல்ராஜ் ஒரு ஓரத்தில், அனுசியா அவனுக்குப் பின்னால். சங்கத் தலைவர் குற்றாலிங்கம் தொண்டையைச் செருமினார். கிதிர் மாமாவைக் காணவில்லை. அனுசியா என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன்.

“சரி, முடிவு பண்ணிருவோம்...” என்று குற்றாலிங்கம் தொடங்கும்போது மாமா வந்தார். கையில் அந்த அறுத்த டப்பா. நேரே நடுவில் வந்து வேல்ராஜ் காலடியில் அதை வைத்தார்.

“அவன் ஊத்தல. நாந்தான் ஊத்துனேன். எம்மவன் அனுப்புனது. நாம்பாட்டுக்கு ஊத்திட்டு இவன் மேல பழியப் போட்டேன். மன்னிச்சிரு தம்பி.”

கேஸ் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். எல்லாரும் வேல்ராஜைப் பார்த்தார்கள். அவன் இப்போதாவது நிமிர்வான் என்று நினைத்தோம். இன்னும் குனிந்தான்.

“இல்ல மாமா,” என்றான். “நீங்க சொன்னதுல பாதி நெசம்.”

“என்னலே சொல்லுத?”

“முஃபீது அந்த டப்பாவ படம் எடுத்து எனக்குத்தான் மொதல்ல அனுப்புனான். ‘வாப்பா வண்டிக்கு ஆகுமாலே’ன்னு கேட்டான். நா ஒரு வண்டிக்கு அடியில கெடந்தேன். என்ன கிரேடுன்னு பெருசாக்கிக்கூடப் பாக்கல.” கையை மெல்லத் தூக்கினான். கிரீஸ் படிந்த கட்டைவிரல் மட்டும் நீண்டு நின்றது. “இதப் போட்டு விட்டேன். அவ்வளவுதான். அத நம்பித்தான் அவன் வாங்கி அனுப்பியிருக்கான். நேத்து கம்பிய உருவிப் பாத்ததுமே தெரிஞ்சுட்டு. மெக்கானிக்குன்னு ஷெட்டு வச்சிட்டு, கேட்டவனுக்குப் படிச்சுப் பாக்காம சரின்னு சொன்னேன்னு எப்பிடி மாமா எல்லார் முன்னாலயும் சொல்லுவேன்? அதுக்குக் கழிவு ஆயில் ஊத்துனான்னே இருக்கட்டும்னு இருந்துட்டேன்.”

தூக்கிய கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அனுசியா அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அப்போது அவன் பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். இந்தமுறை கட் செய்யவில்லை. திரையை மாமாவுக்குக் காட்டினான். அதே ஒன்பது ஏழு ஒன்று.

“நேத்துல இருந்து கூப்பிடுதான் மாமா. வண்டி என்னாச்சுன்னு கேக்கான். எனக்குச் சொல்ல வாய் வரல.”

மாமா போனை வாங்கினார். ஸ்டாண்டே அவர் வாயைப் பார்த்தது. அந்தப் பக்கம் மகன் படபடவென்று பேசுவது எங்களுக்கும் லேசாகக் கேட்டது. ஆயிலா வாப்பா, என் ஆயிலாலயா வாப்பா என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

“எண்ணெ நல்ல எண்ணெதான் மக்கா,” என்றார் கிதிர் மாமா. “வண்டிதான் கெழடாயிட்டு. அது தெரியாம வாப்பாதான் ஊத்திட்டேன். வேல்ராஜ் பக்கத்துலதான் நிக்கான். ரெண்டு பேரும் சேந்து எஞ்சினப் பிரிக்கப் போறோம்.”

போனை வேல்ராஜ் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். டிரைவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்கள். அன்றைக்கு அவ்வளவு கண்ணாடி அழுக்காக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நானும் சாரும் ஸ்கூட்டருக்கு வந்தோம். ஆபீஸுக்குப் போவோம் என்று நினைத்து ஏறினேன். சார் வண்டியைக் குற்றாலம் ரோட்டில் திருப்பினார்.

“சார், நாளைக்குப் போவோமே. இப்ப கூட்டமா இருக்கும்.”

“அதுக்குத்தான் இப்பவே போறேன்.”

பெரிய அருவிக்குப் போகிற வழியில் கூட்டம் காலையில் இருந்ததைவிட அதிகம். விஜயசங்கர் ஒரு பைக்கைப் பிரித்துக்கொண்டிருந்தான். சார் வாசலில் வந்து நின்றார், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“காலையில நா எந்த இடத்துல நின்னேன்?”

எனக்கு ஒரு கேலியும் வரவில்லை. “இன்னும் ரெண்டு எட்டு நடுவுல சார்,” என்றேன்.

நகர்ந்து சரியாக அந்த இடத்தில் போய் நின்றார். துண்டுக்காரர்களும் எண்ணெய்த் தலைக்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி, காலையில் கத்திய அதே சத்தத்தில் கூப்பிட்டார்.

“விஜயசங்கர்! தப்பு என் பேர்லதான்ப்பா.”